கனம் எங்கே இருக்கிறது

என் எடை எழுபத்தாறு கிலோ என்று பதினோரு வருடங்கள் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் நம்பினார்கள், அல்லது மரியாதைக்காக நம்பியதுபோல் இருந்தார்கள். அதை ஒருநாள்கூட நம்பாதவர் எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்த அக்கா.

முதல் சந்திப்பே லிஃப்டில்தான். மும்பையில் தாராவியிலிருந்து செம்பூருக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆறு பேர் ஏறலாம் என்று எழுதிவைத்திருந்த லிஃப்டில் நாங்கள் ஐந்து பேர். ஆனாலும் கதவு மூடாமல் கூவிக்கொண்டே இருந்தது. எல்லாரும் கூரையைப் பார்த்தோம். நீல நிறச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்ற ஐம்பது வயதுப் பெண் மட்டும் கூரையைப் பார்க்கவில்லை.

"அப்னா அப்னா வஜன் போலோ," என்றார்.

ஒவ்வொருவராக எடையைச் சொன்னார்கள். என் முறை வந்ததும் நானும் கம்பீரமாக என் எண்ணைச் சொன்னேன். அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தார்.

"தமிழா?"

"ஆமாக்கா."

"அப்ப தமிழ்லயே சொல்லுதேன். எண்பத்தொம்பது இருக்கும். எறங்கிருங்க தம்பி. மூணாவது மாடிதான? நடந்து போனா ஒடம்புக்கும் நல்லது."

இறங்கினேன். லிஃப்ட் உடனே வாயை மூடிக்கொண்டது. அன்று மூன்று மாடி ஏறி முடிப்பதற்குள் அவரை ஜென்ம விரோதி என்று முடிவுகட்டிவிட்டேன். மறுநாள் தாதர் ரயில் நிலையத்தில் யாரும் பார்க்காத நேரம் பார்த்து எடை இயந்திரத்தில் ஏறினேன். எண்பத்தொன்பது. இயந்திரமும் அவரோடு சேர்ந்துகொண்டது என்று தேற்றிக்கொண்டு இறங்கினேன்.

அவரை நாங்கள் லோடு அக்கா என்றுதான் சொல்வோம். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் மூன்று மாதம்தான் வீட்டில் இருப்பார். அக்காவுக்கு விமான நிலையத்தில் வேலை. கிளம்பப்போகும் விமானத்தில் எத்தனை பேர், எத்தனை பெட்டி, எவ்வளவு எரிபொருள், அதெல்லாம் முன்னாலா நடுவிலா பின்னாலா என்று கணக்குப் போட்டு லோட் ஷீட் என்ற தாளைத் தயாரிக்க வேண்டும். அந்தக் கணக்கை விமானி ஒப்புக்கொள்ளாமல் சக்கரம் நகராது என்பார். சொல்லும்போது அந்தச் சக்கரத்தையே அவர்தான் பிடித்து வைத்திருப்பதுபோல் விரல்களை மடக்கிக்கொள்வார்.

"மொத்தம் எவ்வளவுன்னு தெரிஞ்சா மட்டும் பத்தாது, எங்க இருக்குன்னு தெரியணும். மூக்குல கனம் கூடிட்டுன்னா எழும்பாது. வாலுல கூடிட்டுன்னா தலைய வெடுக்குன்னு தூக்கிரும்."

வேலையை விமான நிலையத்தோடு விட்டுவிட்டு வரும் ஆள் அவர் அல்ல. ஆட்டோவில் மூன்று பேர் ஏறினால் யார் நடுவில் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். நடுவில் எப்போதும் நான். மார்க்கெட்டிலிருந்து வரும்போது இரண்டு கைப்பைகளும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தெருவோரத்தில் நின்று தேங்காயை இதிலிருந்து அதற்கு மாற்றுவார். ஒருமுறை கட்டடத்தார் எல்லாரும் வேன் பிடித்து லோனாவ்லா போனோம். பன்வேலில் டீ குடிக்க இறங்கிவிட்டு மறுபடி ஏறியபோது பதினேழு பேருக்கும் புது இடம் போட்டிருந்தார். சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு குடும்பங்கள் அந்த ஏற்பாட்டில் ஒரே வரிசையில் உட்கார நேர்ந்தது. காட் மலைப்பாதையில் ஏறுவதற்குள் அவர்கள் சேவ் பொட்டலத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அக்கா அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாயவில்லை என்பதுதான் அவர் சந்தோஷம்.

இத்தனைக்கும் விமானத்தில் யாரையும் எடை போடுவதில்லையாம். ஆளுக்கு இவ்வளவு என்று பொதுவாக ஓர் எண் வைத்திருக்கிறார்கள். ஒல்லியும் குண்டும் சேர்ந்து சராசரியில் சரியாகிவிடும். ஏறத்தாழ நான் சொல்லிவந்த எண்தான் அது. இதைக் கேட்டதும், நான் பொய் சொல்லவில்லை, விமான நிறுவனத்தின் கணக்கில்தான் வாழ்கிறேன் என்று வாதாடினேன்.

"அங்க இருநூறு பேரு, நிறுக்க நேரமில்ல, சராசரிய வச்சு ஓட்டுதோம். இங்க நீ ஒருத்தன். ஒன் கனத்த நீயே மாத்திச் சொன்னா வேற யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

இனி என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் ஒரு டிராவல்ஸ் கடையில் விமான டிக்கெட் போடுவது என் வேலை. மதுரை, தூத்துக்குடி, துபாய், மஸ்கட் என்று நான் அனுப்பிவைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இறக்கைப் பக்கம் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு, காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், மேகத்துக்குள் போகும்போது லேசாகக் குலுங்கும், பயப்படாதீர்கள் என்றெல்லாம் அறிவுரை சொல்லி அனுப்புவேன். வாடிக்கையாளர்கள் என்னை வானத்திலேயே குடியிருப்பவன் என்று நினைத்தார்கள். நான் விமானத்தில் காலே வைத்ததில்லை. பயம். சாதாரணப் பயம் இல்லை, மேலே விமானச் சத்தம் கேட்டால் கீழே தெருவில் என் உள்ளங்கை வியர்க்கும். மனைவியிடம் காதில் கோளாறு என்று சொல்லியிருந்தேன். முதலாளியிடம் ரயில் பயணம்தான் பிடிக்கும் என்று சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் நம்பினார்கள். பொய் சொல்வதில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர்.

நான் முதன்முதலில் பறந்தது எங்கள் மொட்டை மாடியில். உயரம் அரை அடி.

மழை தொடங்கும் முன் வீசுமே, ஜூன் மாதக் கடல் காற்று, அது தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. தற்காலிகமாக ஒரு பெரிய பிளைவுட் பலகையை வைத்து மூடுவது என்று முடிவு. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். நான்தான் வீரனாயிற்றே. "நீங்க தள்ளி நில்லுங்கக்கா" என்று தனியாகவே தலைக்கு மேல் தூக்கினேன்.

"ஏல, படுக்க வச்சுத் தூக்காத. காத்து அடிக்கி. செங்குத்தா சாச்சுப் பிடி."

கேட்கவில்லை. காற்றை எதிர்த்துத் தொட்டியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். பலகையின் முன்விளிம்பு கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்த கணம் என் குதிகால்கள் தரையில் இல்லை. இரண்டு காலும் எழும்பின என்பது என் கட்சி. ஒரு கால்தான் என்பது அக்காவின் கட்சி. அலறிக்கொண்டு கைகளை விட்டேன். பலகை மேலே போய்த் திரும்பி, யாரோ காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் விழுந்தது.

அக்கா சுவரோரம் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"பிளேன் எப்படிப் பறக்குன்னு டெய்லி கஸ்டமருக்கு வெளக்குதியே, இப்பம் ஒனக்கே தெரிஞ்சுட்டா? முன் ஓரத்த லேசா தூக்கிப் பிடிச்ச. எதுத்தாப்ல வந்த காத்து பலகையில பட்டுக் கீழ திரும்புச்சு. பலகை காத்தக் கீழ தள்ளுச்சு, காத்து பலகைய மேல தள்ளுச்சு. அதான் தூக்கு. நீ முன்னால ஓடுன பாரு, அது உந்து. எஞ்சின் செய்யுத வேலை. ஒன்னப் பின்னால தள்ளுச்சே காத்து, அது இழுவை. அப்புறம் ஒன் எடை..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"எழுபத்தாறு," என்றேன்.

"சரி, அதையே வச்சுக்கிடுவோம். அது கீழ இழுத்துது. உந்தும் இழுவையும் ஈடா, தூக்கும் எடையும் ஈடா இருந்தா நேரா பறந்துக்கிட்டே இருக்கும். இதுல பயப்பட ஒண்ணுமில்ல. நீ பயந்துபோயி இன்னும் நிமித்துன. ரொம்ப நிமித்தினா காத்து ரெக்கையில ஒட்டாது, பிச்சுக்கிட்டுப் போயிரும். தூக்கு செத்துரும். அப்பம் மூக்கக் கொஞ்சம் தாழ்த்தணும். விட்டுட்டு ஓடக்கூடாது."

வடகத்துக்குச் சொந்தக்காரர் மேலே வரும் சத்தம் கேட்டது. நான் விட்டுவிட்டு ஓடினேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் மதுரையிலிருந்து தம்பி போன் செய்தான். அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மூன்று இடத்தில் அடைப்பு, நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன்.

"அம்மா ஒன்னத்தான்ணே கேட்டுக்கிட்டே இருக்கா. உள்ள போறதுக்கு முன்னால பாக்கணும்ங்கா. ஃபிளைட்ட பிடிச்சு வந்துரு. ஒனக்கென்ன, ஒங்கிட்டதான டிக்கெட்டு கெடக்கு."

கடைக் கணினியில் மதுரை விமானம் திறந்தே இருந்தது. மாலை ஆறு மணிக்கு ஒன்று. காலி இருக்கைகள் வரிசை வரிசையாக என்னைப் பார்த்தன. என் வாய் சொன்னது: "எல்லாம் ஃபுல்லுடா. ஒரு சீட்டு இல்ல. ட்ரெயின்ல வாறேன்."

தம்பி ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லை. டிக்கெட் போடுபவனே இல்லை என்றால் இல்லைதானே. ரயில் போய்ச் சேர மறுநாள் இரவாகிவிடும். அம்மா உள்ளே போய்ப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். இந்த ஒரு பொய்யைப் பற்றி மட்டும் இன்றைக்கும் என்னால் வேடிக்கையாக எழுத முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பையில் துணியைத் திணித்துக்கொண்டு மூன்று மணிக்கு லிஃப்டிலிருந்து கீழே இறங்கினேன். காலை ஷிஃப்ட் முடிந்து அக்கா உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"எங்க தம்பி, பையும் கையுமா?"

விஷயத்தைச் சொன்னேன். கடைசியில், "ஃபிளைட்டெல்லாம் ஃபுல்லுக்கா, அதான் ட்ரெயின்" என்றும் சேர்த்துக்கொண்டேன். யாரிடம் சொல்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. லிஃப்ட் கதவை ஒரு கையால் பிடித்தபடி நின்றார். "மதியம் போன மதுரைக்கு நாந்தான் ஷீட் போட்டேன். பாதி காலி. சாயங்காலத்துக்கும் ஆள் கம்மிதான்." பிறகு, வேறு யாரும் வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார். "எங்கலே கனம்?"

பையைக் கீழே வைத்தேன்.

"பயமா இருக்குக்கா," என்றேன். நாற்பது வயதில் முதல்முறையாக ஒருவரிடம் அதைச் சொன்னேன். "ஏறினா செத்துருவேன்னு தோணுது. அம்மாவே கூப்பிட்டும் போவ முடியல."

அழுதுவிட்டேன். வாட்ச்மேன் பார்த்தார். பரவாயில்லை என்றிருந்தது.

"இம்புட்டுத்தான?" என்றார் அக்கா. "அதையும் ஏத்திக்கிடலாம். சொன்ன கனம் பிளேன ஒண்ணும் செய்யாது தம்பி. சொல்லாத கனந்தான் கவுத்துரும். ச்சல், ஃபோன எடு, டிக்கெட்டப் போடு."

பதினோரு வருடம் ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்ட கைக்கு அன்று சொந்தப் பெயரை நிரப்பத் தெரியவில்லை. பிறந்த தேதியை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் சட்டென்று இறங்கி ஓடலாம் என்று முதல் வரிசை இருக்கைக்குக் கூடுதல் பணமும் கட்டினேன். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பிய அதே சீருடையோடு என்னைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். என் பக்கம் இருந்த பையைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இப்பம் சரியா இருக்கு," என்றார்.

விமான நிலைய வாசலில், "உள்ள போ. பிளேன் கெளம்புத வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன். திரும்பி ஓடி வந்தேன்னா எங்கிட்டதான் மாட்டுவ," என்றார்.

முதல் வரிசையில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்போது பணிப்பெண் வந்து, எடைச் சமநிலைக்காக முன்னால் இருக்கும் சிலர் கடைசி வரிசைகளுக்கு மாற வேண்டும் என்றாள். ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த பருமனான வியாபாரி, முன்னால் உட்காரத்தான் பணம் கட்டினேன், போக முடியாது என்று இந்தியில் சண்டைக்கு நின்றார்.

என் பெல்ட்டை நானே கழற்றினேன். ஓடுவதற்கு இல்லை. அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அதுதான் காரணம்.

"வாங்க சேட்ஜி," என்றேன். என் குரல் கீச்சுக்குரலாக வந்தது. "மூக்கில் கனம் கூடியிருக்கிறது. நான் எண்பத்தொன்பது கிலோ. நீங்கள் எனக்கு மேலே இருப்பீர்கள். நாம் இரண்டு பேர் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்." அரைகுறை இந்தியில் இதைச் சொல்லி முடித்தபோது நான்கைந்து பேர் சிரித்தார்கள். சேட்டும் முறைத்துக்கொண்டே எழுந்தார். கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான், கதவிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் இடத்தை நானே விரும்பித் தேடிக்கொண்டேன் என்பது புரிந்தது.

விமானம் ஓடத் தொடங்கியது. இருக்கை என் முதுகைத் தள்ளியது. உந்து, என்றேன். வெளியே காற்று இரைந்தது. இழுவை. மூக்கு நிமிர்ந்தது. தூக்கு. சேட்டின் கையைப் பிடித்திருந்தேன் என்பது மேகத்துக்கு மேலே போன பிறகுதான் தெரிந்தது. அவரும் விடவில்லை. இந்த முறை பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓட வழியில்லை, பலகையின் மேல்தான் நானே உட்கார்ந்திருந்தேன்.

இரவு ஒன்பதரைக்கு வார்டில் இருந்தேன். அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் நம்பவில்லை.

"எப்படிலே வந்த?"

"ஃபிளைட்லம்மா."

"நீயா? ராட்டினத்துல ஏத்திவிட்டா டவுசர்ல மோண்ட பயலாச்சே நீ."

"பயந்துட்டேம்மா. காலைல டிக்கெட் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்லே," என்றாள் அம்மா. "அதான் வரமாட்டேன்னு நெனச்சேன்." என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். வயது கேட்டாள், எடை கேட்டாள். பழக்கதோஷத்தில் "எழு..." என்று ஆரம்பித்து நிறுத்தி, "எண்பத்தொன்பது" என்றேன்.

"அம்புட்டா!" என்று அம்மா சிரித்தாள். மூச்சு வாங்கியது. சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள். அதற்கும் சிரித்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கு உள்ளே போன அம்மா கண் விழிக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு வந்து சொன்னார்கள். ரயிலில் ஏறியிருந்தால் அந்த நேரத்தில் ஆந்திராவில் எங்கேயோ ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பொய்யோடு போய்க்கொண்டிருந்திருப்பேன். அந்தப் பொய்யை ஆயுள் முழுக்கச் சுமந்திருப்பேன்.

இன்றைக்கு அக்கா செம்பூரில் இல்லை. ஓய்வுபெற்று நவி மும்பைப் பக்கம் நெருளுக்குப் போய்விட்டார். போனில் பேசினால் முதல் கேள்வி இப்போதும் எடைதான். நான் இப்போது அடிக்கடி பறக்கிறேன், பயத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டு. பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்காமலே நான்கு விசைகளையும் விளக்குகிறேன். பெரும்பாலானவர்கள் தூங்குவதுபோல் நடிக்கிறார்கள்.

அந்த முறை, அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு மும்பை திரும்பினேன். விமானத்தில்தான். கட்டடத்துக்குள் வந்தபோது லிஃப்டில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அக்காவும் இருந்தார், இரண்டு கையிலும் ஒரே கனத்தில் காய்கறிப் பைகள். நான் ஏறினேன். லிஃப்ட் கூவ ஆரம்பித்தது. வழக்கப்படி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கப்படி இறங்குவதற்காக நானும் காலை எடுத்து வைத்தேன்.

அக்கா கையைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்தினார். எடையைக் கேட்கவில்லை. "நீ போ தம்பி," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

லிஃப்ட் வாயை மூடிக்கொண்டு மேலே எழுந்தது. ஒவ்வொரு மாடியைக் கடக்கும்போதும் படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.